பல கண்டங்களிற் சைக்கிளோட்டம்

துவிசக்கர வண்டி என்றும் மிதிவண்டி என்றும் நூல்களில் எழுதப்படினும், கற்றோரும் மற்றோரும் ஒருங்கே வழங்கும் பெயர் சைக்கிள் என்பதேயாம். ஆதலின் யாமும் இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆள்வோம். நம் நாட்டில் சைக்கிள் பெரும்பாலும் உழைப்போர்க்குத் துணையாய் நிற்பது. பால் கொணர்வோரும், பத்திரிகை இடுவோரும், பள்ளி செல்லும் சிறாரும் அதனை நாடோறும் ஊர்வர். ஆனால் உலகின் வேறு பல பகுதிகளில் அதே வண்டி, ஊதியம் கருதாத இளைஞரும் முதியோரும் தம் ஆற்றலை அளந்தறியும் துலாக்கோலாகவும் விளங்குகின்றது.

இவ்விளையாட்டைப் பற்றிப் பேசுவோரிடை ஒரு கேள்வி எழுவதுண்டு. எக்கண்டத்தார் சைக்கிளோட்டத்தில் வல்லவர்? அவ்வன்மை அவர்க்குக் குருதியிலேயே அமைந்ததோ, அன்றிப் பழக்கத்தாலும் வாய்ப்பாலும் வந்ததோ? வெறும் விளையாட்டுப் பேச்சாகத் தோன்றும் இவ்வினாவினுள், ஓரினத்தாரினும் மற்றோரினத்தார் பிறப்பாற் சிறந்தவர் எனும் பழைய கொள்கை மறைந்து கிடக்கின்றது. ஆகவே இதனைச் சிறிது ஆராய்தல் நலமாம்.

அமெச்சூர் என்னும் சொல்

பந்தயக்காரர் இருவகைப்படுவர். ஓட்டத்தையே பிழைப்பாகக் கொண்டோர் ஒருவகையார். விருப்பத்தால் மட்டும் ஓடுவோர் மற்றொரு வகையார். பின்னவரை அமெச்சூர் என்பர். இலத்தீன் மொழியில் அன்பு செய்வோன் எனப் பொருள்படும் சொல்லினின்று பிரெஞ்சு வழியாக வந்தது இது. எனவே, ஓட்டத்தின்மேல் வைத்த அன்பினால் ஓடுவோன் என்பதே இக்காரணப் பெயரின் முதற்பொருள். நாளடைவில் கூலி பெறாதவன் என்றும், அதன்பின் திறமை குறைந்தவன் என்றும் இதன் பொருள் திரிந்தது. இப்பிற்பொருள் எவ்வளவு பிழையானது என்பது மேலே விளங்கும்.

இப்பாகுபாடு பன்னெடுங்காலம் சட்டமாகவே நின்றது. 1896-ஆம் ஆண்டின் ஏதென்ஸ் ஒலிம்பிக் விளையாட்டு முதல் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டளவும், ஒலிம்பிக் சைக்கிளோட்டத்தில் தொழிலாளர்க்கு இடமில்லை. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டாவிலேதான் அத்தடை நீங்கியது. ஆயினும் கிழக்கைரோப்பிய நாடுகளில் அரசாங்கமே வீரர்க்கு உணவும் பயிற்சியும் அளித்து, அவர்களை அமெச்சூர் என்னும் பெயரால் அனுப்பிவந்தது. 1948-இல் தொடங்கிய சமாதான ஓட்டம் என்னும் பெரும் பந்தயம் அவர்தம் முதன்மைக் களமாயிருந்தது. பெயர் ஒன்றாயினும், அதன் பொருள் நாட்டுக்கு நாடு வேறுபட்டது என்க.

ஓட்டத்தின் இயல்பு

கண்டங்களை ஒப்பிடுமுன் சைக்கிளோட்டத்தின் இயல்பு ஒன்றை அறிதல் வேண்டும். சமதரையில் விரைந்து செல்வோனுக்குப் பெரும்பகை காற்றே. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும்; அதனை வெல்லத் தேவைப்படும் ஆற்றலோ எட்டு மடங்காகும். ஒருவன் மற்றொருவன் பின்னே நெருங்கிச் செல்வானாயின், அவன் உழைப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறையும். ஆகவே கூட்டத்தில் ஓடுவோனுக்குக் கால்வலிமை மட்டும் போதாது. முன்னவன் சக்கரத்திற்கு ஒரு சாண் இடைவிட்டு அஞ்சாது செல்லுதல், காற்று வரும் திசையறிந்து ஒதுங்குதல், எவன் எப்பொழுது பாய்வான் எனக் குறிப்பாலுணர்தல் ஆகிய கலைகள் வேண்டும். இவற்றைத் தனியே பயிலல் இயலாது. பலரோடு பலமுறை ஓடியே கற்றல் வேண்டும்.

மலையேற்றத்தில் நிலை மாறுகின்றது. அங்குக் காற்றினும் உடற்பாரமே பெரிதாதலின், ஒரு கிலோகிராம் எடைக்கு எத்துணை வாட் ஆற்றல் தருகின்றான் என்பதே கணக்கு. உலகத் தலைசிறந்தோர் அரைமணி நேரம் ஏறத்தாழ 6 வாட் அளவில் நிற்பர். நன்கு பயின்ற அமெச்சூர் ஒருவர் 4 வாட் அளவில் நிற்பர். வன்மை, கலை என்னும் இவ்விரண்டும் வெவ்வேறு வழியால் வருவன என்பதை நினைவிற் கொண்டு மேற்செல்வோம்.

ஐரோப்பா

சாலைப் பந்தயத்தின் தாயகம் பிரான்சு. 1869-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பாரிஸிலிருந்து ரூவான் நகர்க்கு 123 கிலோமீட்டர் தூரம் ஒரு பந்தயம் நடந்தது. அதில் வென்ற ஜேம்ஸ் மூர் என்னும் ஆங்கிலேயருக்குப் பத்தரை மணிக்கு மேல் ஆயிற்று. பின்னர் பத்திரிகை விற்பனையைப் பெருக்கும் பொருட்டு 'லோட்டோ' என்னும் இதழார் 1903-இல் 'டூர் த பிரான்ஸ்' என்னும் நாடுசுற்றும் ஓட்டத்தைத் தொடங்கினர். அவ்விதழ் மஞ்சள் தாளில் அச்சானமையால், முன்னணியில் நிற்போர்க்கு மஞ்சட் சட்டை அளிக்கும் வழக்கம் 1919 முதல் உண்டாயிற்று. இத்தாலிய ஓட்டத்தின் இளஞ்சிவப்புச் சட்டையும் இவ்வாறே ஒரு பத்திரிகைத் தாளின் நிறத்தால் வந்தது.

ஆயினும் அமெச்சூர்களின் உண்மைப் பள்ளிக்கூடம் பெல்ஜியமே. 1 கோடியே 20 லட்சத்திற்கும் குறைந்த மக்களையுடைய அச்சிறுநாட்டில், ஊர்த்திருவிழாவையொட்டிச் சைக்கிள் பந்தயம் நடத்தல் மரபு. அவற்றைக் கெர்மிஸ் பந்தயம் என்பர். கோயிற் பூசையைக் குறித்த சொல்லே திருவிழாவுக்கும், அதன்பின் பந்தயத்துக்கும் ஆகி வந்தது. சில கிலோமீட்டர் நீளமுள்ள வழியை ஊரைச் சுற்றிப் பலமுறை ஓடுவர். ஊரார் வாயிலில் நாற்காலியிட்டு அமர்ந்து காண்பர். கோடைக்காலத்தில் ஓரிளைஞன் ஒரே வாரத்திற் பலமுறை பந்தயத்திற் கலந்துகொள்ளலாம். வீட்டிலிருந்து நெடுந்தூரம் செல்லவும் வேண்டுவதில்லை. கருங்கல் பரப்பிய குறுகிய பாதையும், கடலினின்று வீசும் பக்கக் காற்றும் அவனுக்கு ஆசிரியர்களாகும். 1964-இல் உலக அமெச்சூர் சாலைப் பட்டம் வென்று, பின்னர் உலகப்புகழ் பெற்ற எட்டி மெர்க்ஸ் இந்நாட்டினரே. பிற கண்டத்து இளைஞர் பலர் அங்குச் சென்று தங்கிப் பயில்வது இக்காரணம்பற்றியே.

இங்கிலாந்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. போலீஸாரின் வெறுப்புக்கு அஞ்சி, அந்நாட்டுச் சைக்கிள் சங்கத்தாரே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சாலைப் பந்தயத்தைத் தடுத்துவிட்டனர். ஆர்வம் தணியாதார் வேறொரு வழி கண்டனர். 1895 முதல் ஒவ்வொருவராகத் தனித்து ஓடி, கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் முறை பரவிற்று. விடியற்காலையில், கழுத்து முதல் கணுக்கால் வரை கருநிற உடையணிந்து, வழியின் பெயரைக் குறியீட்டால் மறைத்து, கள்வர்போல ஓடினர்! 1942-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெர்சி ஸ்டாலர்டு என்பார் லாங்கோலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டனுக்குக் கூட்டப் பந்தயம் ஒன்றைத் துணிந்து நடத்தினார். அதற்காகச் சங்கத்தார் அவரை விலக்கினர். அப்பிணக்கு 1959-இலேதான் முற்றும் தீர்ந்தது.

இதன் விளைவு கருதத்தக்கது. கூட்டத்திலோடும் கலையில் ஆங்கிலேயர் நெடுங்காலம் பின்தங்கினர்; ஆனால் தனித்தோடும் வன்மையில் மிக்கோங்கினர். 1967-இல் பெரில் பர்ட்டன் என்னும் யார்க்ஷயர்ப் பெண்மணி 12 மணி நேரத்தில் 277.25 மைல் ஓடி, ஆடவரின் அளவையும் கடந்தார். அன்று ஆடவருள் முதல்வராய் வந்தவரை வழியில் முந்திச் செல்லும்போது, அவருக்கு ஒரு மிட்டாயும் நீட்டிச் சென்றார் என்பது அங்கு வழங்கும் புகழ்பெற்ற செய்தி. அவர் பண்ணையில் உழைத்து வாழ்ந்த அமெச்சூரேயாவர். 1992-இல் பார்சிலோனாவில் ஒலிம்பிக் பொன் வென்ற கிறிஸ் போர்டுமனும், 2012-இல் பிரெஞ்சு ஓட்டத்தை வென்ற முதல் பிரிட்டானியரான பிராட்லி விக்கின்ஸும் தனியோட்டத்திற் சிறந்தோரே. தடையும் ஒருவகை ஆசிரியனாதல் காண்க.

வட அமெரிக்கா

1893-இல் சிக்காகோ நகரில் முதல் உலகப் பட்டப் போட்டிகள் நடந்தன. அவற்றில் அமெரிக்கரான சிம்மர்மன் இரண்டு பட்டங்களையும், தென்னாப்பிரிக்கரான மெய்ன்ட்ஜஸ் மற்றொன்றையும் பெற்றனர். ஐரோப்பியர் ஒருவரும் வென்றிலர் என்பது இன்று பலர்க்கு வியப்பாயிருக்கும்.

ஆனால் அடுத்த ஆண்டே அமெரிக்கச் சைக்கிளர் பெருங்கழகம் வெள்ளையரல்லாதார்க்குத் தன் கதவை அடைத்தது. அக்கதவின் புறத்தே நின்ற கறுப்பினத்து இளைஞரான மேஜர் டெய்லர் 1899-இல் மாண்ட்ரியால் நகரில் உலக விரைவோட்டப் பட்டம் வென்றார். உடனோடியோர் அவரைச் சூழ்ந்து மறித்தனர், தள்ளினர். தெய்வபக்தி மிக்க அவர் ஓய்வுநாளில் ஓடுவதில்லை எனும் விரதம் பூண்டிருந்தார். ஐரோப்பாவிலோ ஞாயிறே பந்தய நாள். எனினும் 1901-இல் அவர் அங்குச் சென்றபொழுது, அவருக்காக வேறு நாள்களிற் பந்தயம் அமைத்தனர். இத்தகையார் 1932-இற் சிக்காகோவில் வறுமையில் உயிர்நீத்தார். அக்கழகத்தின் வழிவந்தோர் அந்நிறத்தடையை வெளிப்படையாக மறுத்துரைக்க 1999 வரை காலம் ஆயிற்று.

இக்காலத்து ஐக்கிய நாடுகளில் அமெச்சூர்களைப் படிப்படியாய் வகுக்கும் முறை சிறந்தது. புதியோர் கீழ்ப்படியிலே தொடங்கி, ஓடிய பந்தயங்களும் பெற்ற புள்ளிகளுமாகிய கணக்கால் முதற்படி வரை ஏறுவர். தன்னையொத்தாரோடு போட்டியிடுதலால் புதியோன் மனந்தளர்வதில்லை. குறை யாதெனின், நாடு மிகப் பரந்ததாகலின் ஒரு பந்தயத்திற்கு நூற்றுக்கணக்கான மைல் காரிற் செல்ல நேர்வது.

மாணவராகிய நமக்கு இன்சுவை தருவது இந்தியானா சர்வகலாசாலையின் 'லிட்டில் 500' என்னும் பந்தயம். உழைத்துப் படிக்கும் ஏழை மாணவர்க்கு உதவித்தொகை சேர்க்கும்பொருட்டு 1951-இல் இது தொடங்கப்பெற்றது. நால்வர் ஓரணியாய் ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டுவர். பல்சக்கர மாற்றமில்லாத எளிய ஒரேவகைச் சைக்கிளில் 200 சுற்று, அதாவது 50 மைல் செல்வர். 1988 முதல் மாணவிகளுக்கும் 100 சுற்றுப் பந்தயம் உண்டு.

தென் அமெரிக்கா

கொலம்பியாவின் கதை மலைநாட்டாரின் கதை. 1951-இல் அந்நாட்டைச் சுற்றும் ஓட்டம் முதன்முறை நடந்தபொழுது பாதி வழி மண்ணும் சேறுமாயிருந்தது. லெத்ராஸ் கணவாயோ கடல்மட்டத்திற்கு மேல் 3600 மீட்டரினும் உயர்ந்தது. எப்ராயின் பொரேரோ என்பார் அவ்வோட்டத்தை வென்றார். அந்நாட்டு வீரரை வண்டுகள் என்பது செல்லப்பெயர்.

1983-இல் பிரெஞ்சு ஓட்டத்தார் அமெச்சூர்களுக்கும் இடமளித்தபோது, கொலம்பிய அணி அழைக்கப்பட்டது. சமதரையிற் கூட்டத்தோடு செல்லும் பழக்கமின்மையால் அவர் மிக்க இடர்ப்பட்டனர். மறு ஆண்டு, தோட்டக்காரராய் உழைத்திருந்த லூச்சோ எரேரா அமெச்சூராகவே ஆல்ப் துவேஸ் மலையுச்சியில் தொழில்வீரர் அனைவரையும் வென்றார். அவர் 1987-இல் ஸ்பானிய ஓட்டத்தையும், அவர் நாட்டினரான ஏகன் பெர்னால் 2019-இல் பிரெஞ்சு ஓட்டத்தையும் வென்றனர். தலைநகரான பொகோட்டாவில் 1974 முதல் ஞாயிறுதோறும் பெருஞ்சாலைகளை மோட்டார்களுக்கு மூடி, நடப்போர்க்கும் சைக்கிளர்க்கும் விடுகின்றனர்.

ஆஸ்திரேலியா

இக்கண்டத்தின் சிறப்பு முன்விடு பந்தயம். வலிமை குறைந்தோரை முன்னரும், மிக்கோரைப் பின்னரும் விடுவித்து, இறுதியில் எல்லாரும் ஒருங்கே எல்லையை நெருங்குமாறு கணக்கிடுவர். 1895-இல் தொடங்கிய வார்ணம்பூல், மெல்போர்ன் நகர்களுக்கிடையிலான பந்தயம் ஏறத்தாழ நூறாண்டு இம்முறையிலேயே நடந்தது. கடைத்தர அமெச்சூரும் வெல்லும் நம்பிக்கையோடு ஓட, முதல்வரோ தம் முழுவன்மையையும் காட்டியாக வேண்டும். இம்முறையில் வளர்ந்த ஹூபர்ட் ஆப்பர்மன் 1931-இல் பாரிஸ், பிரெஸ்ட் நகர்களிடை சென்று மீளும் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் பந்தயத்தை 50 மணிக்குள் முடித்து வென்றார். பிற்காலத்தில் தம் நாட்டில் மந்திரியாகவும் விளங்கினார்.

ஆப்பிரிக்கா

எரித்திரியா நாட்டை ஆண்ட இத்தாலியர் சைக்கிளோட்டத்தையும் உடன் கொணர்ந்தனர். தலைநகர் அஸ்மாரா 2300 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆட்சியாளரின் பந்தயங்களில் அந்நாட்டு மக்கள் முதலிற் சேர்க்கப்பட்டிலர். ஆயினும் அவ்விளையாட்டை அம்மக்கள் தமதாக்கிக்கொண்டனர். 1946-இல் நாடுசுற்றும் ஓட்டம் தோன்றிற்று. இன்றும் அஸ்மாராத் தெருக்களில் ஞாயிறுதோறும் பந்தயம் காணத் திரள்வோர் பலர். அந்நகரிற் பிறந்த பினியம் கிர்மாய் 2022-இல் பெல்ஜியத்தின் கெண்ட்–வேவல்கெம் பந்தயத்தை வென்றார். 2024-இல் பிரெஞ்சு ஓட்டத்தில் மூன்று நாள் வெற்றியும் பச்சைச் சட்டையும் பெற்றார். கறுப்பின ஆப்பிரிக்கருள் இவற்றைப் பெற்ற முதல்வர் அவரே. அவர்க்குக் கைகொடுத்த படி, ஸ்விட்ஸர்லாந்தின் ஏகிள் நகரில் உலகச் சைக்கிள் கழகத்தார் நடத்தும் பயிற்சி நிலையமாகும்.

ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் உலகச் சாலைப் பட்டப் போட்டிகள் நடந்தன. அவை ஆப்பிரிக்க மண்ணில் நடந்தது அதுவே முதன்முறை. 1893-இல் ஓர் ஆப்பிரிக்கர் உலகப் பட்டம் பெற்றிருந்தும், அப்போட்டி அக்கண்டத்திற்கு வர 132 ஆண்டுகள் சென்றன.

ஆசியா

ஜப்பானில் 1948-இல் போரின் அழிவினின்று மீளப் பொருள் சேர்க்கும்பொருட்டுக் கெய்ரின் என்னும் ஓட்டம் கொக்குரா நகரில் தொடங்கிற்று. குதிரைப் பந்தயம் போலப் பணயம் வைக்கும் ஆட்டம் அது. வட்டத்தளத்தில் தடையற்ற எஃகு வண்டியில் ஓடுவர். அதற்கெனத் தனிப் பள்ளியும் உண்டு. அதன் பயனாக நக்கானோ கோய்ச்சி 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை தொழில்முறை உலக விரைவோட்டப் பட்டம் பெற்றார். மலேசியராகிய அசிசுல்ஹஸ்னி ஆவாங் அவ்வோட்டத்தில் 2017-இல் உலகப் பட்டம் எய்தினார்.

இந்தியாவின் நிலை யாது? புதுடில்லியில் நல்ல வட்டத்தளமும் பயிற்சி நிலையமும் அமைந்தபின், அந்தமான் தீவினரான ஈசோ ஆல்பென் 2018-இல் இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். 2019-இல் இந்திய இளைஞரணி விரைவோட்டத்திற் பொன் வென்றது. தளம் அமைந்தவுடன் வன்மை வெளிப்பட்டது. சாலைப் பந்தயத்திலோ நாம் இன்னும் பின்தங்கியே நிற்கின்றோம். தமிழ்நாட்டில் அரசாங்கம் பள்ளி மாணவர்க்கு விலையின்றிச் சைக்கிள் வழங்குகின்றது. ஆதலின் வண்டியில்லை என்பதற்கில்லை. பெல்ஜியச் சிற்றூர்களில் வாரந்தோறும் நிகழும் பந்தயமே நம்மிடை இல்லை.

ஒப்பீட்டின் பயன்

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, வன்மை எக்கண்டத்திற்கும் தனியுடைமையன்று. வீட்டினுள் நிறுத்திய வண்டியை மிதித்துக் கணினித் திரையிற் போட்டியிடும் முறை இந்நாளில் வந்துள்ளது. அத்தகைய தேர்வொன்றில் 2020-இல் முதல்வந்த ஆஸ்திரேலியர் ஜே வைன், 2022-இல் ஸ்பானிய ஓட்டத்தில் இரண்டு மலைநாள்களை வென்றார். கால்களின் ஆற்றலை அளக்கும் கருவி நிறமும் நாடும் அறியாது.

இரண்டாவது, கலை என்பது களத்தால் வருவது. மேகமூட்டத்து ஆங்கில விடியல் தனியோட்டக்காரரையும், அந்தீஸ் மலை ஏற்றக்காரரையும், கெர்மிஸ் திருவிழா கூட்டப் போராளரையும், ஜப்பானிய வட்டத்தளம் விரைவோட்டக்காரரையும் ஆக்கின.

மூன்றாவது, கதவடைத்தல் எங்கெங்கு நேர்ந்ததோ, அங்கங்கு உலகம் தன் நல்வீரரை இழந்தது. டெய்லர் போன்றோர் தடையையும் மீறி வென்றனர். மீறமாட்டாது ஒழிந்தோர் பெயர் எந்நூலிலும் இல்லை.

அமெச்சூர் என்பார் திறங்குறைந்தார் என்னும் கூற்றுக்கும் ஈண்டே விடை கூறலாம். 2021-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக்கின் மகளிர் சாலைப் பந்தயத்தில், எந்தத் தொழிலணியிலும் சேராத கணித ஆராய்ச்சியாளரான ஆஸ்திரியப் பெண்மணி அன்னா கீசென்ஹோபர் தொடக்கத்திலேயே முன்பாய்ந்தார். இறுதியில் தனியராய் வந்து பொன் வென்றார். பின்வந்த புகழ்பெற்ற தொழில்வீராங்கனை, முன்னொருவர் சென்றதை அறியாது, தாமே வென்றதாக எண்ணிக் கையுயர்த்தினார்!

நம் கல்லூரி விளையாட்டு விழாக்களில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி வேடிக்கையாய் நடப்பதுண்டு. அதனோடு, ஆஸ்திரேலியர் முறைப்படி வலிமை குறைந்தோரை முன்விட்டு, மாணவரும் மாணவியரும் ஆசிரியரும் பழைய மாணவரும் தத்தம் சாதாரண வண்டிகளிலேயே ஓடும் நெடும்பந்தயம் ஒன்றும் ஆண்டுதோறும் அமையுமாயின் நன்றாம். 'லிட்டில் 500' போல அதில் வரும் பொருள், சம்பளம் கட்ட இயலாத மாணவர்க்குச் சேரலாம். விலையுயர்ந்த வண்டியும் தேர்ந்த சாலையும் இதற்கு வேண்டா. திறந்த வாயிலும், ஞாயிறல்லாத ஒரு காலைப்பொழுதும், நம் உடற்பயிற்சி ஆசிரியரின் இசைவுமே வேண்டுவன.